காலையில் மட்டும் கை ஏன் தூக்கிப் போடுகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு தாயார் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்க ஓரிரு விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு 16 வயது. நான்காம் படிவம் படிக்கிறாள். பள்ளிப் பேருந்து ஆறு மணிக்கே தாமான் (குடியிருப்பு) முனைக்கு வந்துவிடும் என்பதால் ஐந்துக்கு எழுந்துவிடுவாள். ஒரு வருடமாக, எழுந்த அரை மணி நேரத்துக்குள் அவள் கையில் இருப்பது எதுவானாலும் பறக்கிறது. பல் தேய்க்கும்போது பிரஷ் போய்ச் சுவரில் அடிக்கிறது. தலை வாரும்போது சீப்பு கண்ணாடியில் மோதுகிறது. மைலோ மங்கு மட்டும் மூன்று உடைந்தாயிற்று. "கரண்டு அடிச்ச மாதிரி தோள்பட்டை தூக்கிப் போடுதும்மா, உடனே விட்டுடுது" என்கிறாள். நினைவு தப்புவதில்லை, பேசிக்கொண்டேதான் இருக்கிறாள். ஏழரைக்கு மேல் ஒன்றும் இல்லை. கவனக்குறைவு என்று நினைத்துப் பல நாள் திட்டியிருக்கிறார் அம்மா. மூன்றாவது மங்கு உடைந்த அன்று கையையும் நீட்டிவிட்டார்.

தீபாவளிக்கு முதல் நாள் முறுக்கு சுட்டு, வீடு கழுவி, எல்லாரும் படுக்கும்போது மணி இரண்டு. நாலரைக்கு எண்ணெய்க் குளியலுக்கு எழுப்பினார்கள். பாட்டி தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போதே தோள்கள் நாலைந்து முறை அடுத்தடுத்துத் தூக்கிப் போட்டு, அப்படியே சாய்ந்து, கை கால் வெட்டி இழுத்தது. இரண்டு மூன்று நிமிடம். நாக்கு கடிபட்டது. பாட்டி கையில் இரும்புச் சாவியைத் திணித்தார். மாமா ஒருவர் பல்லுக்கிடையே கரண்டிக் காம்பை நுழைத்தார். தெளிந்ததும் தலைவலி என்று சொல்லி மத்தியானம்வரை தூங்கினாள்.

பிறகு பக்கத்துக் கிளினிக்கில் "நரம்புத் தளர்ச்சி" என்று சத்து ஊசி போட்டார்கள். தோட்டத்து முனியாண்டி கோயிலில் கயிறு கட்டினார்கள். வலிப்புக்கு மருந்து சாப்பிடும் உறவினர் ஒருவர் தன்னுடைய கார்பமசெபைன் மாத்திரையில் பாதி கொடுக்கச் சொன்னார். பன்னிரண்டு நாளாகக் கொடுத்துவருகிறார்கள். அதன்பிறகு காலை நேரத் துள்ளல் கூடியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊரெல்லாம் தெரிந்துவிடும், நாளைக்குப் பெண்ணுக்கு வரன் வராது என்று அப்பா தயங்குகிறார். டயாலிசிஸ் செய்துகொள்ளும் பாட்டிக்கும் கை வெட்டுகிறதாம், அம்மாவுக்கே தூக்கம் வரும் நேரத்தில் உடம்பு தூக்கிப் போடுகிறதாம். "இது எங்கள் வம்சத்தில் வருவதா டாக்டர்?" என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த மாத்திரை. அதை இனிமேல் கொடுக்க வேண்டாம். மீதி இருப்பதைக் கையோடு எடுத்துக்கொண்டு, இதைப் படிக்கும் நாளே மகளை கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்கு) அழைத்துப் போங்கள். எத்தனை நாள், எவ்வளவு கொடுத்தோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கார்பமசெபைன் நல்ல மருந்துதான்; உங்கள் உறவினருக்கு அது பொருத்தமாக இருக்கும். ஆனால் வலிப்பு ஒரே நோய் இல்லை, பல வகை. உங்கள் மகளுக்கு இருப்பதாக நான் சந்தேகிக்கும் வகையில் இந்த மருந்து துள்ளலைக் குறைக்காது, கூட்டிவிடும். நீங்கள் கண்ணால் பார்த்ததும் அதுதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் வட்டாரத்து மக்களில் சிலருக்கு இருக்கும் ஒரு மரபணுக் கூறு காரணமாக இந்த மருந்து தோலையும் வாயையும் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குப் போவதும் உண்டு. அது பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் வரும். மாத்திரையை நிறுத்தியபிறகும்கூட மகளுக்குக் காய்ச்சல், உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, வாய்ப்புண் என்று எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

இது என்னவாக இருக்கலாம்

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்வது சரியில்லை. ஆனாலும் தாயின் கண் பார்த்ததை இவ்வளவு துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

நம் விருப்பம் இல்லாமல் தசை சட்டென்று ஒரு கணம் இழுத்து விடுவதை மருத்துவத்தில் மயோக்ளோனஸ் என்பார்கள். நம் வீட்டில் சொல்வதுபோல் 'தூக்கிப் போடுவது'தான். விக்கல்கூட இந்த வகையைச் சேர்ந்ததே, உதரவிதானம் என்ற தசை துள்ளுவதால் வருவது. ஆகவே இதை ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருமலுக்குச் சளியும் காரணமாகலாம், காசமும் காரணமாகலாம் என்பதுபோல, துள்ளலுக்கும் காரணங்கள் பல. யாருக்கு, எந்த வயதில், எந்த நேரத்தில், உடம்பில் எங்கே என்று கேட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

உங்கள் மகளுக்கு வயது 16. தூங்கி எழுந்தவுடன் வருகிறது. தோளிலும் கையிலும் வருகிறது. நினைவு தப்பவில்லை. தூக்கம் கெட்ட மறுநாள் அதிகம். கடைசியில், இரண்டரை மணி நேரம் தூங்கி எழுந்த தீபாவளிக் காலையில் முழு வலிப்பு. இவை அத்தனையும் ஒன்றாகச் சேரும்போது எந்த நரம்பியல் மருத்துவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'இளம்பருவ மயோக்ளோனிக் வலிப்பு'தான். ஜெர்மானிய மருத்துவர் டீட்டர் யான்ஸ் 1957ல் இதை விரிவாக எழுதி உலகத்துக்குத் தெரிய வைத்தார். பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள் தொடங்கும். மூளை அமைப்பில் கோளாறு இருக்காது. அறிவும் படிப்பும் இதனால் மட்டுப்படுவதில்லை. மூளைச் செல்கள் ஒரே நேரத்தில் ஒரு கணம் மின்சாரத்தை வெளியிடுகின்றன, அதைத் தோள் காட்டிக்கொடுக்கிறது. அவ்வளவுதான்.

கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில், "வகுப்பில் சில நேரம் கனவு காண்பவள் மாதிரி வெறித்துப் பார்க்கிறாள் என்று ஆசிரியர் சொன்னார்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். இந்த நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சில விநாடி நினைவு அறுந்துபோவதும் உண்டு.

நரம்புத் தளர்ச்சி, காக்கா வலிப்பு

'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு நோய் மருத்துவத்தில் இல்லை. கை நடுங்கினாலும் அதுதான், களைப்பானாலும் அதுதான், பரீட்சைப் பயத்துக்கும் அதுதான் என்று நாம் எதற்கெடுத்தாலும் சொல்லிப் பழகிவிட்டோம். வைட்டமின் பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். காலையில் மட்டும் வந்து ஏழரைக்குப் போய்விடும் துள்ளலுக்கு அந்த ஊசி பதில் ஆகாது. ஊசி போட்டதால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் நாள் போய்விட்டது.

"நினைவு இருக்கும்போது அது எப்படி காக்கா வலிப்பு ஆகும்?" என்று கேட்கிறீர்கள். காக்கைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'கால் கை வலிப்பு' என்பது வாயில் தேய்ந்து அப்படி ஆனதாகச் சொல்வார்கள். கீழே விழுந்து, நுரை தள்ளி, கை கால் இழுத்தால்தான் வலிப்பு என்று நாம் நினைக்கிறோம். நினைவோடு நின்றுகொண்டிருக்கும்போது தோள் ஒரு கணம் துள்ளுவதும் வலிப்பின் ஒரு வடிவம்தான். அந்தச் சிறு வடிவத்தை யாரும் வலிப்பு என்று நினைக்காததால்தான் இவளைப்போன்ற பிள்ளைகள் ஒரு வருடம், இரண்டு வருடம் 'கவனம் இல்லாதவள்' என்ற பேரோடு திரிகிறார்கள். உங்கள் மீது குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் பார்க்கும் பெற்றோரில் பலர் இதே குற்ற உணர்வோடு வந்து உட்கார்கிறார்கள். மங்கு உடைந்தது உன் தப்பு இல்லை என்று அவளிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

இரும்புச் சாவி பற்றி. வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவி கொடுத்தாலும் நிற்கும், கொடுக்காவிட்டாலும் நிற்கும். கையில் இருப்பது சாவி என்பதால் நின்றது என்று நமக்குத் தோன்றுகிறது. சாவியால் ஆபத்து குறைவு, கரண்டியால்தான் ஆபத்து. பல் உடைந்து மூச்சுக்குழாயில் போகலாம். இனி அப்படி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். கைகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமலே மறுபடி வந்தால், 999.

கோயில் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி நான் எழுதமாட்டேன். பாட்டியின் மனதுக்கு அது ஆறுதல். கயிற்றைக் கட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வரலாம்.

பாட்டிக்கும் உங்களுக்கும் வருவது

பாட்டியின் துள்ளலை மகளின் துள்ளலோடு முடிச்சுப் போட வேண்டாம். பால்மரம் வெட்டிய காலத்தில் பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு) முன்பே எழுந்தவர், அப்போதெல்லாம் கை நன்றாகத்தான் இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிறுநீரகம் பழுதான பிறகு, கால் எரிச்சலுக்கு கபாபென்டின் ஆரம்பித்த பிறகு வந்தது இது. கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டு பட்டென்று தொங்கி மறுபடி நிமிர்கிறதா என்று பாருங்கள். தசை இழுப்பது போலவே, தாங்கிக்கொண்டிருக்கும் தசை ஒரு கணம் கைவிடுவதும் துள்ளல்தான். கழிவு இரத்தத்தில் தேங்கினால் இப்படி வரும். கபாபென்டின் சிறுநீர் வழியாகவே வெளியேற வேண்டிய மருந்து. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அளவைக் குறைக்காவிட்டால் உடம்பில் தங்கிவிடும், துள்ளலும் மயக்கமும் வரும். அடுத்த டயாலிசிஸ் நாளில் நர்ஸிடம் மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். நீங்களாகத் திடீரென நிறுத்த வேண்டாம். ஆனால் பாட்டி இயல்புக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, பேச்சு குழறினாலோ, டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காதீர்கள்.

உங்களுக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில், படியில் தவறி விழுவதுபோல் தோன்றி உடம்பு தூக்கிப் போடுவது பத்தில் ஆறேழு பேருக்கு வாழ்க்கையில் எப்போதாவது வருவதுதான். தொழிற்சாலை ஷிப்ட் மாறும் வாரத்தில் அதிகம் என்கிறீர்கள். களைப்பும் ராத்திரி குடிக்கும் காப்பியும் அதைக் கூட்டும். மருந்து தேவையில்லை. அது மகளுக்குத் தொற்றிய நோயும் இல்லை.

இன்னொன்று. உங்கள் கணவர் 1999ல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணையில் வேலை செய்தவர் என்பதால், பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய நிப்பா கிருமியின் மிச்சமோ என்று பக்கத்து வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1998ல் ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி, நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலண்டோக் வரை போய், 265 பேரைப் படுக்கவைத்து 105 பேரைக் கொண்டுபோனது அந்த நோய். முதலில் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். உடம்பின் ஒரு பகுதி மட்டும் தாளம்போட்டதுபோல் துள்ளுவது, இது வேறு நோய் என்று காட்டிய அடையாளங்களில் ஒன்று. ஆனால் அவர்களுக்குக் கடும் காய்ச்சல் இருந்தது, மயக்கம் இருந்தது, நாள் கணக்கில் உடம்பு மோசமானது. ஒரு வருடமாகக் காலையில் மட்டும் துள்ளி, பகலெல்லாம் வலைப்பந்து விளையாடும் பெண்ணுக்கு இருப்பது அது இல்லை. அப்பா அப்போது அங்கே வேலை செய்தது பிள்ளைக்கு வம்சமாக வராது. காய்ச்சலும் குழப்பமுமாகத் துள்ளல் வந்தால் மட்டும் யாராக இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

வம்சம் என்ற கேள்விக்கு நேர்மையான பதில்: இந்த வலிப்புக்கு மரபில் ஒரு சாய்வு உண்டு. அதற்காக அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ நேராக வந்தது என்று விரல் நீட்ட முடியாது. நாளை அவள் பெறும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வரவும் வராது.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்

கிளினிக் கெசிஹாத்தானிலும், அவர்கள் தரும் பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க நிபுணரைப் பார்க்கவும் கட்டணம் மிகக் குறைவு. பணத்துக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டியதில்லை. நிபுணரைப் பார்க்கப் போவதற்குள் ஒரு காரியம் செய்யுங்கள்: இரண்டு மூன்று நாள் காலையில் கைப்பேசியை அலமாரியில் சாய்த்துவைத்து, அவள் தலை வாரும்போது படம் எடுங்கள். அவளிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அந்த அரை நிமிடப் படம், நான் கேட்கும் இருபது கேள்விக்குச் சமம்.

ஈ.ஈ.ஜி. எடுப்பார்கள். தலையில் சின்னச் சின்ன ஒயர் ஒட்டி மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்வது. வலி இல்லை, ஷாக் கொடுப்பதும் இல்லை. முதல் நாளே தலை குளித்துவிடுங்கள், அன்றைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஒயர் ஒட்டாது. சில நேரம் இரவு குறைவாகத் தூங்கிவிட்டு வரச் சொல்வார்கள். ஒருமுறை சரியாக இருந்துவிட்டால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

மருந்து விஷயத்தில் நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த நோய்க்கு மிக நன்றாகக் கேட்பது சோடியம் வால்ப்ரோயேட். ஆனால் அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பெண் கருவுற்றால், பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வருகிறது. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் படிப்பிலும் பின்னடைவு தெரிகிறது. அதனால் இந்த வயதுப் பெண்ணுக்கு முடிந்தவரை வேறு மருந்தில் ஆரம்பிப்போம், பெரும்பாலும் லெவெடிரசெட்டம். அது சிலரைச் சிடுசிடுப்பாக்கும், மனம் சோரவைக்கும். அப்படித் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், 'வயசுக் கோளாறு' என்று விட்டுவிடாதீர்கள். லாமோட்ரிஜின் இன்னொரு வழி, ஆனால் சிலருக்குத் துள்ளலைக் கூட்டும். எந்த மருந்தானாலும், துள்ளல் நின்றது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. இந்த நோய் மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். நிறுத்தினால் திரும்பி வருவதும் அதிகம். பல வருடம் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பேச்சு

இந்தியாவிலிருந்து வந்த மாமா, வலிப்பு உள்ள பெண்ணின் கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று சொன்னாராம். இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் அப்படி ஒரு சொல் பின்னால் நுழைந்து இருந்தது உண்மை. 1999ல் அதையும் எடுத்துவிட்டார்கள். இங்கே முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் நம் நாட்டின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. அதில் வலிப்பு தடையாகச் சொல்லப்படவில்லை. என்னிடம் மருந்து வாங்கும் பெண்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள். ஆனால் நேரம் வரும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், மாத்திரையைப் புடவை மடிப்பில் ஒளித்து, ஒரு வேளை தின்று ஒரு வேளை தின்னாமல் விட்டு, கடைசியில் அடுப்படியில் விழுந்து என்னிடம் வந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியை வாசித்துக் காட்டுங்கள். மறைப்பதற்காகத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அடுத்த பெரிய வலிப்புக்கு வழி விடுகிறது.

அதுவரை வீட்டில்: தூக்கம்தான் பாதி மருந்து. இரவு ஒரு மணிவரை கைப்பேசியில் டியூஷன் பாடம் பார்ப்பதை நிறுத்தி, பத்துக்குப் படுக்கட்டும். ஐந்தாம் படிவ அரசாங்கத் தேர்வான எஸ்.பி.எம். அடுத்த வருடம்தானே. காலையில் கொதிக்கும் தண்ணீர், எண்ணெய்ச் சட்டி பக்கம் விட வேண்டாம். குளியலறைத் தாழ்ப்பாள் போட வேண்டாம். அருவிக்குத் தனியாக வேண்டாம். அறிவியல் கூடத்தில் சோதனைக் குழாய் உடைத்ததற்காகத் திட்டு வாங்கியிருக்கிறாள். வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடிதத்தின் கடைசியில் பென்சிலால் நாலு வரி இருக்கிறது, வேறு கையெழுத்து. மகளே, அது நீ எழுதியது என்று தெரிகிறது. இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா என்பதற்கு இப்போது கூடாது என்றுதான் சொல்ல வேண்டும், தோட்டத்துச் செம்மண் பாதையில்கூட. மருந்து ஆரம்பித்து, வலிப்பே இல்லாமல் நீண்ட காலம் போனபிறகு உன் டாக்டர் சொல்லட்டும். நர்ஸ் ஆகலாமா என்று கேட்டிருக்கிறாய். வலிப்பு இருப்பதாலேயே அந்தப் படிப்பு உனக்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வார்டு நர்ஸுக்கு இராத்திரி டியூட்டி உண்டு, உன் நோய்க்குத் தூக்கம் கெடுவதுதான் பெரிய எதிரி. அதனால் மருந்தாளர், ஆய்வகம், எக்ஸ்ரே என்று ஆஸ்பத்திரியிலேயே இராத்திரி வேலை குறைவாக உள்ள இடங்களையும் பார்த்து வை. முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் இதை நீயே கேள். அம்மா கேட்கட்டும் என்று விடாதே. துள்ளல் எப்படி இருக்கும் என்று உனக்குத்தான் தெரியும்.